மாத்தாவுக்கு ஒரு ஹெல்மெட்

மண்டை ஓட்டைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட் கண்டுபிடிக்கப்பட்டது என்றொரு வதந்தி உலகம் முழுக்க உலவுகிறது. ஈப்போ வட்டாரத்தில் அதை நம்புகிறவர்கள் குறைவு. புந்தோங்கில் கேளுங்கள், சுங்கை சிப்புட்டில் கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: ஹெல்மெட் மாத்தாவுக்காக, அதாவது போலீஸ்காரருக்காகப் போடுவது. மாத்தா நிற்கிற இடத்தில்தான் தலைக்கு ஆபத்து. அவர் இல்லாத இடத்தில் தார்ச்சாலை மெத்தென்று இருக்கும், லோரிக்காரர்கள் எல்லாரும் கருணாமூர்த்திகள், நம் மண்டையோ எவர்சில்வர்.

முன்னால் ரோட் பிளாக் என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்ததும் நடக்கிற அற்புதத்தைப் பார்க்க வேண்டும். முழங்கையில் மாட்டியிருந்தது தலைக்கு ஏறும். முன்கூடையில் ரொட்டிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் கிடந்தது தலைக்கு ஏறும். பின்னால் இருக்கும் மனைவிக்கு ஹெல்மெட் இல்லையென்றால் அவளை இறங்கி நடக்கச் சொல்லிவிட்டு, ரோட் பிளாக்கைத் தாண்டி மறுபடி ஏற்றிக்கொள்கிற தாம்பத்தியச் சாமர்த்தியமும் நம்மிடம் உண்டு. வார் மாட்டியிருக்கிறீர்களா என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். அது காதோரம் தொங்கிக் காற்றில் ஆடும். விபத்துப் படங்களில் சாலையோரமாக ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு ஹெல்மெட் கிடக்குமே, அது வார் மாட்டாத ஹெல்மெட். சொந்தக்காரன் கீழே விழுவதற்கு முன்பே அது கழன்று போய்த் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

சட்டத்தைக் குறை சொல்ல வழியில்லை. மலேசியாவில் 1973லேயே ஹெல்மெட் கட்டாயம். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் போட்டே ஆகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பிரம்பை எடுத்தபோது, ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார வைத்து ஊர்வலம் கூட்டிப்போன கதைகளைக் கேட்டு இங்கே நாம் சிரித்தோம். அவர்களைவிட நாற்பது வருடம் முந்திக்கொண்டவர்கள் அல்லவா? அந்த நாற்பது வருடத்தில் நாம் கற்றுக்கொண்ட பாடம், ஹெல்மெட்டை டாங்கிலிருந்து கூடைக்கு இடம் மாற்றியதுதான். வியட்நாமில் 2007 டிசம்பரில் எல்லாச் சாலைக்கும் சட்டம் வந்தது. பத்துத் தலையில் ஒன்பதுக்கு மேல் ஹெல்மெட் ஏறிவிட்டது. அங்கே தலை இருந்திருக்கிறது.

மண்டையைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட் என்ற அந்த வதந்தியின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் தாத்தாமார்கள் பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த 1935ஆம் வருடம், மே மாதம், இங்கிலாந்தில் ஒருவர் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் ஏற்றிவிடாமல் இருக்கத் தன் மோட்டார் சைக்கிளை ஒடித்து விழுந்தார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து செத்தார். அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் கொண்டாடிய ஆள். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் ராணுவ வீரர்கள் தலையில் அடிபட்டுச் சாவதைக் கணக்கெடுத்து 1941இல் எழுதினார். அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஒரு பெரிய மனிதர் செத்தார், ஒரு டாக்டர் சும்மா இருக்கவில்லை, சட்டம் வந்தது. நம் பிள்ளைகள் செத்தால் பேனர் வருகிறது.

“பக்கத்துக் கடைக்குத்தானே அண்ணே, இதோ போயிட்டு வந்துடுவேன்.” தோட்டத்து முச்சந்தியில் தினமும் காதில் விழுகிற வாசகம் இது. சரி தம்பி, கணக்குப் போடுவோம். மோட்டாரில் உட்கார்ந்திருக்கும்போது உன் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி ஓடவே வேண்டாம். நின்ற இடத்தில் சரிந்து விழுந்தாலே தலை தரையை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் முட்டும். பக்கத்துக் கடைக்கும் ஈப்போ டவுனுக்கும் பூமியின் இழுப்பு ஒன்றேதான். நூடல்ஸ் வாங்கத்தானே போகிறான் பாவம் என்று அது இரக்கம் காட்டுவதில்லை.

வெயில் என்பது அடுத்த சாக்கு. நடுப்பகலில் தடித்த ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டி, ஜிப் முதுகுப் பக்கம் தொங்க, காலில் ஜப்பான் சிலிப்பரோடு போகிறவன்தான் ஹெல்மெட் போட்டால் வேர்க்கிறது என்கிறான். நெஞ்சில் காற்று அடித்தால் சளி பிடிக்கும் என்ற அறிவு இருக்கிறது. தாரில் தேய்ந்தால் குதிகால் எலும்பு தெரியும் என்ற அறிவு மட்டும் இன்னும் ஆர்டரில் இருக்கிறது, வந்து சேரவில்லை.

இனி நம் பண்பாட்டின் உச்சத்துக்கு வருவோம்: புது வண்டிப் பூசை. எட்டாயிரம் ஒன்பதாயிரம் வெள்ளி வண்டி, கடனில் எடுத்தது. கோயில் வாசலில் நிற்கிறது. முன்விளக்குக்குச் சந்தனம், குங்குமம். ஹேண்டிலுக்கு மல்லிகைச் சரம். பூசாரி கற்பூரம் காட்டுகிறார். அப்பா கண்ணை மூடி நிற்கிறார், அம்மா செல்போனில் படம் எடுக்கிறார், பையன் ஏற்கெனவே ஸ்போர்ட் ரிம் விலையைக் கூட்டாளியிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். வண்டியோடு கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த ஹெல்மெட் பிளாஸ்டிக் பைகூடப் பிரிக்கப்படாமல் சீட்டின் மேல் இருக்கிறது. அதன் மேலும் ஒரு பொட்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சைப் பழம்.

அந்தப் பூசையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற பாதுகாப்புச் சாதனம் அந்த எலுமிச்சை ஒன்றுதான். நசுங்குவதற்காகவே வைத்தார்கள், நசுங்கியது. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற பொலிஸ்டரீனும் அதே உத்தியோகத்துக்குத்தான் வந்தது. அடி விழும்போது தான் நசுங்கி, அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, மூளைக்குப் போகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஒரு தடவைதான் நசுங்கும், மறுபடி எழுந்து நிற்காது. ஆகவே ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே பளபளவென்று இருந்தாலும், உள்ளே செத்துப்போனது. இது தெரியாமல் அண்ணன் விழுந்து எழுந்த ஹெல்மெட்டைத் தம்பிக்கு, தம்பியிடமிருந்து மச்சானுக்கு என்று குடும்பச் சொத்தாகக் கைமாற்றுகிறோம். சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சையை எடுத்து யாரும் அடுத்த வண்டிக்கு வைப்பதில்லை. அதில் மட்டும் சாஸ்திரம் தெளிவாக இருக்கிறது.

அப்பாக்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். எக்ஸாஸ்ட்டுக்குப் பணம் கொடுத்தீர்கள். ரிம்முக்குக் கொடுத்தீர்கள். நல்ல ஹெல்மெட் இருநூறு வெள்ளி என்றபோது மட்டும் “ஏன்டா, தலையில் கிரீடமா வைக்கப் போறே?” என்று கேட்டது யார்? பதினாறு வயதில்தான் லைசன்ஸ் எடுக்க முடியும் என்று தெரிந்தும், பன்னிரண்டு வயதுப் பையன் செம்பனை மண்பாதையில் ஈ.எக்ஸ். 5 மோட்டாரை ஓட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து “என்னை மாதிரியே கெட்டிக்காரன்” என்று மீசையைத் தடவியது யார்? தமிழ்ப்பள்ளி வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு, நடுவில் அப்பா. நான்கு பேரில் ஹெல்மெட் ஒருவருக்குத்தான். அது யார் தலையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சம்மன் அவர் பேரில்தானே வரும்.

ஓட்டக் கற்பதும் அதே வீட்டுப் பல்கலைக்கழகத்தில்தான். அங்கே முதல் பாடம்: “முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே.” இந்த ஒரு வரி எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்கு ஓடுகிறது. நிறுத்துகிற சக்தியில் பெரும் பங்கு அங்கேதான். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின் சக்கரம் பூட்டி வழுக்கும், வண்டி நிற்காது. முன் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், அழுத்தி அழுத்திக் கூட்டிக்கொண்டே போகப் பழக வேண்டும். காலியான இடத்தில் ஒரு மாலை நேரம் போதும். ஆனால் மாலை நேரத்தில் சூப்பர்மேன் மாதிரி சீட்டில் குப்புறப் படுத்து ஓட்டப் பழகும் வேலை இருக்கிறதே.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். அடிபட்டவர்களில் 92 விழுக்காட்டினர் தாங்களாகவோ, குடும்பத்தாரிடமோ, கூட்டாளியிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. மெங்லெம்பு முச்சந்தியில் நிற்கும் கார்க்காரர் உன்னைப் பார்க்கிற மாதிரி தெரியும். அவர் பார்ப்பது உன் பின்னால் வரும் லோரியை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நீ ஒரு விநாடிக்குப் பதினேழு மீட்டர் போகிறாய். அவர் மூக்கை நீட்டுவதைப் பார்த்து உன் கை பிரேக்குக்குப் போவதற்குள் அந்தப் பதினேழு மீட்டர் காலி. அதற்குப் பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரில், ஒழுங்காகப் பிரேக் பிடித்தால் இன்னும் ஓர் இருபத்து மூன்று நான்கு மீட்டர். மொத்தம் நாற்பது. மழை பெய்திருந்தால், அழகுக்காக மெல்லிசு டயர் மாட்டியிருந்தால், மீதியை நீயே கூட்டிக்கொள்.

லைசன்ஸ் விஷயம் இன்னும் சுகம். வகுப்பில் உட்கார்ந்து, கணினித் தேர்வு எழுதி, மைதானத்தில் தித்தி என்ற ஒடுங்கிய பாலத்தில் ஏறி, வளைந்து நெளிந்து ஓட்டிக் காட்டி சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அதிகாரியிடம் பாஸ் வாங்குவது ஒரு வழி. காசு கொடுத்து வாங்கும் கோப்பி ஓ லைசன்ஸ் இன்னொரு வழி. தேர்வு மைதானத்துக்கு வராமலே பாஸ் ஆகிறவர்களைப் பற்றிய வழக்குச் செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் புதிதல்ல. பிள்ளையின் உயிருக்கான பரீட்சையை நாமே கள்ளத்தனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, “பையன் முதல் தடவையிலேயே பாஸ்” என்று இனிப்பு வழங்குகிறோம்.

இத்தனை நேரம் நம்மைத் திட்டிவிட்டேன். இனி மேலே பார்க்கலாம்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றால் நாக்கு அழுகும். 1992இல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் வந்தது, நல்ல பலன் தந்தது. ஹெல்மெட்டுக்குத் தரம் உண்டு, சிரிம் முத்திரை உண்டு. பெருநாளுக்குப் பெருநாள் சாலைப் பாதுகாப்பு நடவடிக்கை நடத்தி ஓப்ஸ் சிக்காப் என்றார்கள், பிறகு பெயரை மாற்றி ஓப்ஸ் செலாமாட் என்றார்கள். பெருநாள் முடிந்ததும் சாவு எண்ணிக்கை வாசிப்பார்கள். சம்மனுக்கு அவ்வப்போது பாதி விலைத் தள்ளுபடியும் கொடுத்திருக்கிறார்கள். குற்றத்துக்கு மலிவு விற்பனை போடுகிற நாட்டில் ஹெல்மெட்டுக்குத் தள்ளுபடி போட்டால் வியாபாரம் கெட்டுவிடும் போலிருக்கிறது. 2025 முதல் 150 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புது மாடல்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். மெத்த நன்றி. கூலிக்காரன் ஓட்டும் கப்சாய் என்ற சின்ன மோட்டார் 110 சி.சி. சக்கரம் பூட்டி வழுக்கும் உரிமை ஏழைக்கு மட்டும் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது.

2016இல் நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 7,152 பேர். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டஜன்.

இரண்டு கதைகளை நினைத்துப் பாருங்கள், இரண்டும் நம் பேராக்கில். 2025 மே 13, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பிய எஃப்.ஆர்.யூ. கலகத் தடுப்புப் போலீஸ் வீரர்கள் ஒன்பது பேர், கல் ஏற்றி வந்த லோரி மோதி இறந்தார்கள். நம் சாமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றவர்கள். ஒரு மாதம் முடியவில்லை, ஜூன் 9இல் கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் பதினைந்து பேர் போனார்கள். நாடே அழுதது, அழ வேண்டியதுதான். அமைச்சர்கள் ஓடி வந்தார்கள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. லோரிகளுக்கும் பஸ்களுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றிய பேச்சு திடீரென்று வேகம் பிடித்தது. இரண்டையும் சேர்த்தால் இருபத்து நான்கு உயிர். மோட்டார் சைக்கிளில் அத்தனை பேர் சாக இரண்டு நாள் போதும். ஆனால் அவர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சாக மாட்டேன் என்கிறார்கள். செமோரில் ஒருவன், பீடோரில் ஒருவன், கம்பாரில் ஒருவன் என்று ஒழுங்கில்லாமல் சாகிறார்கள். ஒருவனுக்காகவெல்லாம் விசாரணைக் குழு போட முடியுமா? டீ செலவுக்குக் கட்டுபடியாகுமா?

தனித்தனியாகச் செத்தால் காரணமும் தயாராக இருக்கிறது: பையன்களின் போக்கு சரியில்லை. அவர்கள் ஏன் மோட்டாரில் ஏறினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் வீடமைப்புத் திட்டமானது, லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். பிழைப்பு ஜெலாப்பாங்கிலும் தாசேக்கிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு இடம் மாறியது. இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குப் பஸ் எங்கே? தோட்டத்து முகப்பில் பஸ் நிறுத்தம் என்று ஒரு கூரை நிற்கும், அதன் கீழே ஆடு படுத்திருக்கும். நாட்டின் நெடுஞ்சாலைகளைப் போட்டவர் நம்மவர்தான். சுங்கை சிப்புட்டின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் சாமிவேலு 1979 முதல் 1989 வரையும், பிறகு 1995 முதல் 2008 வரையும் பொதுப்பணி அமைச்சராக இருந்தார். பஸ் விடுவது அந்த அமைச்சின் வேலையில்லை என்பது சட்டப்படி சரி. அதனால் நெடுஞ்சாலை வந்தது, பஸ் வரவில்லை, கப்சாய் வந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது, தனிப்பாதையும் கிடையாது. மெனோரா சுரங்கத்து இறக்கத்தில் கல் லோரிக்கும் எண்ணெய் லோரிக்கும் நடுவில் 110 சி.சி. வண்டியில் இறங்குகிறவனிடம் போய்ப் போக்கைப் பற்றிப் பேசுங்கள். மழை வந்தால் அவன் ஒதுங்குவது பெரும்பாலும் மேம்பாலத்தின் அடியில்தான். இருட்டில், சாலையின் விளிம்பில், விளக்கை அணைத்துவிட்டு நிற்பான். பின்னால் வருகிறவன் அங்கேயும் அவனைத் தேடி வருவான்.

தேர்தல் காலத்தில் மட்டும் அவன் தலைக்கு மவுசு வரும். மண்டபத்தில் ஒய்.பி., அதாவது நம் மக்கள் பிரதிநிதி, ஹெல்மெட் வழங்குவார். ஒரு மேசை நிறைய ஹெல்மெட், ஒவ்வொன்றிலும் கட்சிக் கொடி ஸ்டிக்கர். மேடையில் ஒரு பையனைக் கூப்பிட்டு ஒய்.பி. தன் கையாலேயே மாட்டிவிடுவார். பையனின் தலை பெரிது, ஹெல்மெட் எம் சைஸ், நெற்றியில் பாதியோடு நின்றுவிடும். படம் எடுக்கும்வரை பையன் அசையாமல் நிற்பான். யாருடைய தலைக்கு என்ன அளவு என்று கேட்க நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. அளவு சரியா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும். வார் மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளினால் கழன்று வரக் கூடாது. கன்னம் கொஞ்சம் பிதுங்க வேண்டும். முழுமுகம் மூடுவதாக இருந்தால் தாடையும் தப்பும். சரியாகப் போட்ட ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008இல் காக்ரேன் தொகுப்பு சொன்னது. மேடையில் அந்த அரை நிமிடம் மாலைக்கும் பொன்னாடைக்கும் போய்விடுகிறது.

அப்புறம் ஒரு பையன் விழுந்து செத்தால் நடப்பது நம் எல்லாருக்கும் மனப்பாடம். பெரிய ஆஸ்பத்திரி சவக்கிடங்கு வாசலில் கூட்டம். மாலைக்குள் பேனர் தயார், அதில் பையன் வண்டி மேல் சாய்ந்து நிற்கும் படம், தலையில் ஹெல்மெட் இல்லை, முடி நன்றாக வாரியிருக்கிறான். இறுதி ஊர்வலத்தில் கூட்டாளிகள் ஐம்பது வண்டியில் ஹெல்மெட் இல்லாமல், எக்ஸாஸ்ட் கிழியக் கிழியத் திருகி மரியாதை செலுத்துவார்கள். பெரியவர் யாராவது தடுத்தால் “இன்னிக்கு ஒரு நாள் விடுங்க அங்கிள், ஃபீலிங்ல இருக்கோம்” என்பார்கள். ஒய்.பி. வந்து குடும்பத்துக்கு உறை கொடுப்பார்.

வண்டிக்குப் பெரிய சேதம் இருக்காது. ஃபோர்க் கொஞ்சம் வளைந்திருக்கும், முன்விளக்கு உடைந்திருக்கும். கடன் பாக்கி நிற்கிறது, வீட்டில் அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் விலை கேட்டு ஒரு பையன் வந்துவிடுவான், கூடவே அவன் கூட்டாளி. டயரை உதைத்துப் பார்ப்பான், ரிம்மைத் தட்டிப் பார்ப்பான். இறந்தவனின் அப்பா உள்ளே போய் ஒரு பையை எடுத்து வருவார்.

“ஹெல்மெட்டும் இருக்குப்பா, சேர்த்து எடுத்துக்கோ. புதுசுதான். அவன் போட்டதே இல்லை.”

“அது வேணாங்க அங்கிள். அதுக்குப் பதிலா ஒரு ஐம்பது வெள்ளி குறைச்சுக்குவீங்களா?”